வெளிநாட்டு டீச்சர், முதல் பீரியட், ஒரே ஒரு நோம்பி

வெளிநாட்டிலிருந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வருகிறவரின் முதல் பீரியடில், அவரைவிட அந்த வகுப்பின் உள்ளூர் டீச்சருக்குத்தான் வேலை அதிகம். தன் ஊரைப் பற்றிப் பேச அவருக்குத் தெரியும். ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள் அதில் எதைப் பிடித்துக்கொள்வார்கள், எங்கே முழிப்பார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், கரூர் பக்கத்துப் பள்ளிகளில் அந்த இடத்தில் நிற்கும் டீச்சருக்கான குறிப்பு இது. கையில் இருப்பது 40 பிள்ளைகள், 45 நிமிஷம், ஒரு கரும்பலகை. புரொஜக்டர் இருந்தாலும் இல்லை என்றே வைத்துத் திட்டம் போடுங்கள். கரண்ட் போனால் முப்பது ஸ்லைடும் போச்சு.

வழக்கமாக நடப்பது இப்படி. விருந்தாளி கொடியைக் காட்டுவார், தலைநகரம் சொல்வார், மக்கள்தொகை சொல்வார். பிறகு கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஹாலோவீன், தேங்க்ஸ்கிவிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். நடுநடுவே "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்பார், 40 குரலும் ஒன்றாக "யெஸ் மிஸ்" என்று சொல்லும். மறுநாள் பிள்ளைகளைக் கேட்டால் "அங்க ஐஸ் கொட்டுமுங்க" என்பதைத் தவிர ஒன்றும் தேறாது. நாலு பண்டிகைக்கு முப்பது புதுச் சொல் வரும். ஒரு பீரியடில் பத்துக்கு மேல் எந்தப் பிள்ளை தலையிலும் நிற்காது. அதனால் ஒரே ஒரு பண்டிகை போதும். அதையும் அதன் பெயரிலிருந்து ஆரம்பிக்காமல், பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரிந்த பொருள் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முந்தின நாள் அரை மணி நேரம்

வகுப்புக்கு முந்தின நாள் அவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். முதலில் பெயர். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் வகுப்பே இதில் கவிழும். பெயர் எம்மா என்றால் பிள்ளைகள் காதில் அது "எம்மா!" என்ற கூப்பாடு. பால் என்றால் கறக்கிற பால். ஜிம்மி, டாமி, டோனி எல்லாம் நம் தெருவில் நாய்க்கு வைக்கிற பெயர். சிரிப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் சேர்ந்து சிரிப்பார். சொல்லாமல் விட்டால் தன் உச்சரிப்பையோ உடையையோ பார்த்துச் சிரிப்பதாக நினைத்துச் சுருங்கிப்போவார். "வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்" என்று பலர் கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அது வாயில் வராது. பெயரோடு மிஸ் அல்லது சார் சேர்த்துக்கொள்வதில் முடித்துவிடுங்கள். வருகிறவர் எல்லாரும் வெள்ளையாக இருக்க மாட்டார்கள் என்பதையும் வகுப்புக்கு முன்பே சொல்லிவையுங்கள். பிலிப்பைன்ஸிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் இங்கிலீஷ் டீச்சர்கள் வருகிறார்கள். "இவங்க வெளிநாடாங்க?" என்று முன்பெஞ்சிலிருந்து கேள்வி வந்தபிறகு சமாளிப்பது கஷ்டம்.

அடுத்தது தலையாட்டல். சரி என்பதற்கு நாம் பக்கவாட்டில் ஆட்டுகிற ஆட்டு, அவர் ஊரில் "இல்லை" அல்லது "தெரியாது". நாற்பது தலையும் அப்படி ஆடினால் ஒருவருக்கும் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு, சொன்னதையே மூன்று முறை சொல்வார். ஒரு தடவை நீங்களே ஆட்டிக் காட்டிவிடுங்கள்.

பிறகு கேள்விகள். பிள்ளைகள் கேட்கப்போவது என்ன என்று நமக்குத் தெரியும்: வயசு, கல்யாணம், சம்பளம், குழந்தை, என்ன சாமி கும்பிடுவீங்க. பல நாடுகளில் முதல் சந்திப்பில் வயசும் சம்பளமும் கேட்பது மரியாதைக் குறைவு. எதற்குப் பதில் சொல்ல விருப்பம், எதற்கு இல்லை என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அன்றைக்கே துண்டுச்சீட்டில் ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொல்லி வாங்கிவையுங்கள். நாற்பதில் பத்தை எடுத்தால் போதும். சீட்டு முறையில் இன்னொரு லாபம் உண்டு: எழுந்து நின்று இங்கிலீஷில் கேட்கக் கூச்சப்படுகிற கடைசி பெஞ்சுப் பிள்ளையின் கேள்வியும் உள்ளே வரும்.

மூன்று சொற்களை அவருக்கு விளக்கியே தீர வேண்டும். "ஹாலிடே" என்றால் நம் பிள்ளைக்கு லீவு. "வாட் ஹாலிடேஸ் டு யூ ஹேவ்?" என்று அவர் கேட்டால் "சண்டே, சாட்டர்டே" என்று பதில் வரும். அதே சொல் பிரிட்டிஷ்காரருக்கு ஊர் சுற்றப் போவது. அமெரிக்கர் "தி ஹாலிடேஸ்" என்று சொன்னால் பெரும்பாலும் நவம்பர் கடைசியிலிருந்து புதுவருஷம் வரைக்குமான காலம். அதனால் வகுப்பில் "ஃபெஸ்டிவல்" என்ற சொல்லையே இருவரும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, "ஃபங்ஷன்". கோயில் விசேஷத்தில் ஆரம்பித்துக் காதுகுத்து, சீர் வரை நமக்கு எல்லாம் ஃபங்ஷன். அவருக்கு அது கணக்குப் பாடத்தில் வருகிற சொல். மூன்றாவது நம் "நோம்பி". பிள்ளைகள் வீட்டில் தீபாவளி நோம்பி, ஆடி நோம்பி என்று பேசுவார்கள். அகராதியில் நோன்பு என்று தேடினால் விரதம் என்று காட்டும். இந்தப் பிள்ளைகள் வருஷம் முழுக்கப் பட்டினி கிடக்கிறார்களா என்று அவர் மிரள வேண்டாம். நோம்பி என்றால் எங்களுக்குப் பண்டிகைதான் என்று சொல்லிவிடுங்கள்.

படங்கள்: ஏ4 அளவில் ஆறு கலர் பிரிண்ட். வீடு, தெரு, சந்தை, அவர் படித்த பள்ளி, குடும்பம் சாப்பாட்டு மேசையில், பண்டிகையில் ஒன்று. மேசையில் மது பாட்டில் இருக்கிற படத்தையும் கடற்கரை உடைப் படத்தையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பின்பெஞ்சு வரை தெரிய, ஒவ்வொரு படத்திலும் பெரிதாக ஒரே ஒரு விஷயம் இருக்கட்டும். கூட்டமான படத்தில் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்றே சொல்ல முடியாது.

முதல் பதினேழு நிமிஷம்

நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: வணக்கமும் பெயரும் 5 நிமிஷம், அவர் ஊர் 12, பண்டிகை 18, பிள்ளைகள் முறை 10. மாலை, சால்வை, தலைமையாசிரியர் உரை எல்லாம் காலைப் பிரேயரில் முடிந்துவிட வேண்டும். அது வகுப்புக்குள் வந்தால் பத்து நிமிஷம் காலி. கடைசியில் வெட்டுப்படுவது பிள்ளைகள் பேச வேண்டிய பத்துதான்.

வேகம் முக்கியம். ஒரு வாக்கியத்தில் எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். வாக்கியம் முடிந்ததும் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு அடுத்தது. அமெரிக்கர் வாயில் "வாட்டர்" என்பது "வாடர்" என்று வரும், "ட்வென்ட்டி" என்பது "ட்வென்னி" ஆகும். பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்லே தெரியாத சொல்லாகிவிடும். அந்தச் சமயத்தில் நீங்கள் தமிழில் மொழிபெயர்க்கக் கூடாது. சொல்லைப் பலகையில் எழுதுங்கள், போதும். ஒரு முறை மொழிபெயர்த்துவிட்டால் அதற்குப்பிறகு பிள்ளைகள் அவர் வாயைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் வாயைத்தான் பார்ப்பார்கள்.

ஊரை அறிமுகம் செய்யும்போது நாட்டிலிருந்து ஊருக்கு வராமல், ஊரிலிருந்து நாட்டுக்குப் போகச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வியே "எந்த ஊருங்க?" தானே. அதற்கு ஒப்பிட நம்மிடம் ஊர்கள் நிறைய. மான்செஸ்டர்க்காரர் என்றால் வேலையே இல்லை; கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பாட்டன் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். அங்கேயும் ஒரு காலத்தில் பஞ்சு மில், இங்கேயும் பஞ்சு மில். அயர்லாந்து, நியூசிலாந்துக் கிராமம் என்றால் மாடும் பாலும். காங்கேயம் மாட்டின் படம் ஒன்றையும் அவர் ஊர் மாட்டின் படம் ஒன்றையும் பக்கத்தில் ஒட்டி, வித்தியாசத்தைப் பிள்ளைகள் சொல்லட்டும். கொம்பு, திமில், நிறம் என்று பத்துச் சொல் தானாக வந்து விழும். பனி கொட்டுகிற ஊர் என்றால், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

நேர வித்தியாசத்துக்குப் பலகையில் இரண்டு கடிகாரம் வரையுங்கள். நம் பள்ளியில் காலை 9.30. குளிர்காலத்தில் லண்டனும் டப்ளினும் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், அதாவது விடிகாலை 4.00. நியூயார்க் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே இன்னும் முந்தின நாள் ராத்திரி 11.00. மார்ச் கடைசிக்கு மேல் இந்த இரண்டு வித்தியாசத்திலும் ஒரு மணி நேரம் குறையும், ஏனென்றால் அவர்கள் வெயில்காலத்துக்குக் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைப்பார்கள். சிட்னி நமக்கு முன்னால்: ஜூலையில் நாலரை மணி நேரம், டிசம்பரில் ஐந்தரை. "மிஸ்ஸோட அம்மா இப்ப என்ன பண்ணிட்டிருப்பாங்க?" என்று கேட்டால் "ஷீ இஸ் ஸ்லீப்பிங்" என்ற வாக்கியம் முழுதாக வரும். டென்ஸ் பாடத்தில் இதே வாக்கியத்துக்கு எவ்வளவு பாடு பட வேண்டியிருக்கிறது.

புரிந்ததா என்று பார்க்க "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்கவே வேண்டாம். அவர் தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்லட்டும், இரண்டு நிஜம், ஒன்று பொய். எது பொய் என்று ஒன்று, இரண்டு, மூன்று விரல் காட்டச் சொல்லுங்கள். விரல்கள் சிதறினால் புரியவில்லை. எல்லாரும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து ஒரே விரல் காட்டுவதைத் தடுக்க, கண்ணை மூடிக்கொண்டு காட்டச் சொன்னால் தீர்ந்தது.

எந்த மாசம், எந்தப் பண்டிகை

வருகிற மாசத்தைப் பார்த்துப் பண்டிகையைத் தேர்ந்தெடுங்கள். விருந்தாளிக்குப் பிடித்ததைப் பார்த்து அல்ல. ஜூலையில் கிறிஸ்துமஸ் மரம் வெட்டி ஒட்டுவதில் உயிர் இருக்காது. அதற்கு ஒரு விலக்கு: ஆஸ்திரேலியரோ நியூசிலாந்துக்காரரோ என்றால் கிறிஸ்துமஸ் அவர்களுக்கு நடு வெயில்காலம். "டிசம்பரில் வேர்க்குமா?" என்ற கேள்வியே ஒரு பீரியடை ஓட்டிவிடும்.

ஜூன், ஜூலையில் நியூசிலாந்துக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். மாவோரி மக்களின் புதுவருஷமான மதாரிகி 2022 முதல் அங்கே அரசு விடுமுறை. மதாரிகி என்பது ஒரு நட்சத்திரக் கூட்டம். குளிர்காலத்தில் விடியும்முன் அது கிழக்கே தெரிவதுதான் வருஷப் பிறப்பு. அந்தக் கூட்டம் வேறு எதுவும் இல்லை, நம் கார்த்திகை நட்சத்திரம். நாம் முருகனை வளர்த்த ஆறு பெண்கள் என்கிறோம். அவர்கள் ஏழு என்றும் ஒன்பது என்றும் எண்ணி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். பழனிக்கும் சென்னிமலைக்கும் காவடி எடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான ஆரம்பம் வேறு இல்லை.

அக்டோபரில் ஹாலோவீன். பரங்கிக்காயைக் குடைந்து பேய் முகம் செதுக்கி விளக்கு வைப்பார்கள். நம் பிள்ளைகளுக்குப் புது வீட்டு வாசலில் தொங்குகிற, பல்லை இளிக்கும் திருஷ்டிப் பூசணி தெரியும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வையுங்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முன்பு பரங்கிக்காய்க்குப் பதில் டர்னிப் கிழங்கைக் குடைந்தார்கள். அமெரிக்காவுக்குப் போனபிறகுதான் பரங்கி வந்தது. அக்டோபர் 31 பெரும்பாலான இடங்களில் லீவு நாள் கிடையாது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். லீவு இல்லாத பண்டிகையா என்று பிள்ளைகள் கேட்பதே அடுத்த ஐந்து நிமிஷப் பேச்சு.

நவம்பரில் பிரிட்டிஷ்காரர் என்றால் நவம்பர் 5. 1605ல் நாடாளுமன்றத்தின் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தை வைத்துத் தகர்க்கப் பார்த்தவர்கள் பிடிபட்டார்கள்; அந்த நாளுக்கு இன்றும் சொக்கப்பானை போலத் தீ மூட்டிப் பட்டாசு விடுகிறார்கள். தீபாவளியை ஒட்டி வருவதால் பட்டாசுச் சொற்கள் எல்லாம் சூடாக இருக்கும். தீ மூட்டுவதை இங்கே போகியோடு ஒப்பிடாதீர்கள். பழையதைக் கொளுத்துகிற போகி சென்னைப் பக்கத்து வழக்கம். நம் பக்கம் அன்றைக்குக் காப்புக்கட்டு.

தேங்க்ஸ்கிவிங் அமெரிக்காவில் நவம்பர் நாலாவது வியாழன், 1941ல் சட்டமாக்கியது. கனடாவில் அது அக்டோபர் இரண்டாவது திங்கள். அறுப்பு முடிந்து நன்றி சொல்வது என்பதால் பொங்கலை வைத்து ஆரம்பிக்கலாம். கனடாக்காரர் என்றால் ஒரு ஜாக்கிரதை: அந்தத் திங்கள் எப்போதும் புரட்டாசிக்குள்தான் விழும். வீட்டில் கறி எடுக்காத மாசத்தில், முழு வான்கோழி மேசையில் கிடக்கும் படத்தைப் பெரிதாக ஒட்டுவது எடுபடாது. சோளமும் பரங்கியும் இருக்கிற படம் கேளுங்கள்.

டிசம்பரில் பிலிப்பைன்ஸ்காரர் அமைந்தால் அதிர்ஷ்டம். அங்கே கிறிஸ்துமஸுக்கு முன், டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடிவதற்கு முன் எழுந்து கோயிலுக்குப் போவார்கள். 16ந் தேதி நமக்கு மார்கழி பிறக்கும் நாளை ஒட்டித்தான் வரும். கோயில் வாசலில் மூங்கில் குழாயில் அரிசிமாவு வேகவைத்து விற்பார்கள், பேர் புதோ பும்போங். மூங்கில் புட்டு தெரிந்த பிள்ளைக்குப் படமே தேவையில்லை. அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வந்துவிடும், அதற்குப்பிறகு லீவு; ஆகவே டிசம்பர் முதல் வாரத்துக்குள் வகுப்பை வையுங்கள்.

மார்ச்சில் அயர்லாந்துக்காரர் என்றால் 17ந் தேதி புனித பேட்ரிக் நாள். மூன்று இலைச் சின்னத்துக்கு வாய்க்கால் ஓரத்துப் புளியாரையைப் பறித்து வரச் சொன்னால் போதும். அதே செடி இல்லை, இலை மூன்றாக இருப்பது மட்டும் ஒற்றுமை என்று சொல்லிவிடுங்கள்.

முட்டைக்குச் சாயம்

கையால் செய்கிற வேலையோடு ஒரு பண்டிகை வேண்டும் என்றால் ஈஸ்டரை எடுங்கள். நாமக்கல் முட்டையும் ஈரோட்டு மஞ்சளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேறு எங்கே போவது? தேதிக் கணக்கும் நமக்குப் பழக்கமானதுதான்: மார்ச் 21லோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பெரும்பாலும் அது பங்குனிப் பௌர்ணமி, சில வருஷம் சித்திரைப் பௌர்ணமி. 2026ல் ஏப்ரல் 5, 2027ல் மார்ச் 28. காலண்டரைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பழனியில் பங்குனி உத்திரத் தேர் ஓடுகிற சமயத்தை ஒட்டி இங்கிலாந்தில் முட்டைக்குச் சாயம் ஏறுகிறது என்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளி இங்கேயும் அரசு விடுமுறை. அதனால் புதன் அல்லது வியாழனில் செய்யுங்கள். அன்று பௌர்ணமி, பங்குனி உத்திரம் இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்கு முட்டையைத் தொட மாட்டார்கள்.

பத்து முட்டைக்கு அளவு இது. வெள்ளை ஓடு முட்டைதான் வேண்டும். பழுப்பு ஓட்டில் மஞ்சள் தெரியாது. குளிர்ந்த தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்தபின் 10 முதல் 12 நிமிஷம் வேகவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் நேராகப் போட்டால் ஓடு விரியும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாலும் விரியும். சாயத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி மஞ்சள்தூள், 15 நிமிஷம் கொதி. இறக்கி ஆறவைத்து, துணியில் வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி வினிகர். வடிகட்டாமல் விட்டால் தூள் ஓட்டில் திட்டுத்திட்டாக ஒட்டும். வினிகரின் புளிப்பு ஓட்டின் மேல்பரப்பை லேசாக அரிப்பதால்தான் சாயம் பிடிக்கிறது. அதிகம் ஊற்றினால் ஓட்டில் குமிழி குமிழியாகக் கிளம்பும். துடைத்தால் நிறமும் சேர்ந்து வந்துவிடும். செங்காவி நிறம் வேண்டுமென்றால் மஞ்சளுக்குப் பதில் சின்ன வெங்காயத் தோல் இரண்டு கை நிறைய, 20 நிமிஷம் கொதிக்கவிடுங்கள். இங்கிலாந்தின் வடபகுதியிலும் வெங்காயத் தோல்தான் பழைய வழி.

இலை அச்சுக்குக் கொத்தமல்லியோ கறிவேப்பிலையோ ஈரப்படுத்தி முட்டையின்மேல் ஒட்டி, துணியால் இறுக்கிக் கட்டி முக்க வேண்டும். இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அந்த ஊரில் பழைய நைலான் காலுறையில் கட்டுவார்கள். நமக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் இருக்கிறது: இழுத்தால் இழுபடும், முட்டை வளைவுக்கு அப்படியே பிடிக்கும். வெள்ளைத் துண்டாகப் பொறுக்கி எடுங்கள், கலர் துண்டு தன் சாயத்தையும் விட்டுவிடும். கட்டு தளர்ந்தால் இலைக்கடியில் சாயம் புகுந்து உருவம் கலங்கிப்போகும். பெரும்பாலும் கெடுவது இங்கேதான்; முடிச்சை மட்டும் நீங்கள் போடுங்கள். கை எண்ணெயாக இருந்தாலும் சாயம் ஏறாது. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அதே கையோடு வருகிற பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொல்லுங்கள்.

45 நிமிஷத்தில் இது முழுதாக முடியாது. முட்டையும் சாயமும் காலையிலேயே தயாராக இருக்கட்டும். வகுப்பில் நாலு பேருக்கு ஒரு முட்டை, கட்டி முக்குவது 15 நிமிஷம். ஒரு மணி நேரமாவது ஊறட்டும்; கடைசி பீரியடில் பிரித்துக்கொள்ளலாம். அந்த முட்டையை யாரும் தின்னக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏப்ரல் வெயிலில் வெந்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் வயிற்றுக்கு ஆகாது. விருந்தாளி தன் ஊர்க் குளிரை நினைத்து "பரவாயில்லை" என்பார், கேட்காதீர்கள். முட்டை தொடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதே சாயத்தில் முக்க ஒரு வெள்ளைத் துணித்துண்டு கொடுங்கள்.

கடைசியில் ஒரு வேடிக்கை. சாயம் ஏறிய முட்டையை ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள், வினிகர் மிச்சமிருந்தால் வேலை செய்யாது. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு கடலை அளவு, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் மஞ்சள் முட்டையில் கோடு போட்டால் கோடு சிவக்கும். ஆரத்தித் தட்டில் நடப்பது இதுதான் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். விருந்தாளிக்குத்தான் இது புதுசு. அவருக்கு விளக்குகிற வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். குச்சி உங்கள் கையில் இருக்கட்டும், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வம்பு.

பிள்ளைகள் முறை

கடைசிப் பத்து நிமிஷம் பலகையில் ஐந்து வாக்கியச் சட்டம் எழுதிவையுங்கள்: "அவர் (our) ஃபெஸ்டிவல் இஸ்...", "இட் கம்ஸ் இன்...", "வீ மேக்...", "வீ டை (tie)...", "வீ டோன்ட்...". ஐந்தாவதுதான் முக்கியம். என்ன செய்ய மாட்டோம் என்று கேட்டால்தான் பிள்ளைகள் யோசித்துப் பேசுவார்கள். பூச்சாட்டு (மாரியம்மன் நோம்பியின் தொடக்கம்) ஆனபிறகு ஊரை விட்டுப் போய்த் தங்க மாட்டோம், வீட்டில் கறி ஆக்க மாட்டோம் என்று பல ஊரில் வழக்கம். அதையெல்லாம் இங்கிலீஷில் சொல்ல முட்டி மோதுவார்கள். முட்டி மோதட்டும்.

எடுத்துக்கொள்ளச் சுலபமானது காப்புக்கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாரத்திலும் பட்டியிலும் காட்டிலும் செருகுவது. ஒரு பிள்ளை கட்டிக் காட்ட, இன்னொன்று வாக்கியம் சொல்லலாம். பூளைப்பூவுக்கும் ஆவாரம்பூவுக்கும் இங்கிலீஷ் பேர் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். "திஸ் இஸ் பூளைப்பூ" என்பதே சரியான இங்கிலீஷ். விருந்தாளி தன் பண்டிகைப் பலகாரத்தின் பேரை மொழிபெயர்க்காமல்தானே சொன்னார்.

பிள்ளை பிழையாகப் பேசும்போது நடுவில் திருத்த வேண்டாம் என்று விருந்தாளியிடம் முன்பே சொல்லிவையுங்கள். உங்களுக்கும் அதேதான், உங்களுக்குத்தான் அது கஷ்டம். "வீ டையிங் காப்பு" என்று ஒரு பிள்ளை சொன்னால், அவர் "ஓ, யூ டை காப்பு? வேர்?" என்று சரியான வடிவத்தைத் தன் கேள்விக்குள் வைத்துத் திருப்பிக் கேட்டால் போதும். அடுத்த பிள்ளை திருத்தமாகச் சொல்லும்.

மதம் சம்பந்தப்பட்ட பண்டிகை என்றால் தலைமையாசிரியரிடம் முந்தின வாரமே சொல்லி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். என்ன சாப்பிடுவார்கள், என்ன உடுத்துவார்கள், யார் வீட்டுக்கு வருவார்கள் என்பதோடு வகுப்பு நிற்கட்டும். ஜெபமோ பாட்டோ பிள்ளைகள் வாயில் வர வேண்டியதில்லை. வீட்டில் போய்ப் பாதியைச் சொல்வார்கள். அந்தப் பாதி எது என்று நம்மால் சொல்ல முடியாது. மிட்டாய் கொண்டுவருவார் என்றால் எண்ணிக்கையை முதலில் சொல்லுங்கள். 40 பேருக்கு 36 மிட்டாய் வந்தால் அன்றைய வகுப்பு அந்த நாலு பேருக்கு அதுதான். வெளிநாட்டு ஜெல்லி மிட்டாய் பலவற்றில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கிற ஜெலட்டின் இருக்கும், வேண்டவே வேண்டாம். பிள்ளைகளோடு போட்டோ எடுத்து இணையத்தில் போடுவதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதையும் அந்த அரை மணி நேரத்திலேயே பேசிவிடுங்கள். எடுத்தபிறகு சொன்னால் இருவருக்கும் சங்கடம்.

மணி அடித்தபின் பலகையில் இருக்கிற பத்துச் சொல்லை அழிக்காதீர்கள். ஒரு சார்ட்டில் இடது பக்கம் அவர் பண்டிகை, வலது பக்கம் நம் நோம்பி என்று அந்தப் பத்தையும் எழுதி, முட்டைத் துணியையும் காப்புக் கொத்தையும் பக்கத்தில் தொங்கவிட்டு வகுப்பிலேயே வையுங்கள். சீட்டில் மிச்சமிருக்கிற முப்பது கேள்வியை ஒரு உறையில் போட்டு அவரிடம் கொடுங்கள். இரண்டாவது பீரியடுக்கு அவர் கொண்டுவர வேண்டியது அதற்குள்ளேயே இருக்கிறது.